கண்ணீருக்கு மதம் கேட்காதீர்!

குன்றத்தூரில் முருகன் மலைக்கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தெரு. கைத்தறி நெய்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கிறவர்கள், பல்லாவரத்திலும் போரூரிலும் வீட்டு வேலை செய்யும் பெண்கள் - இவர்கள்தான் அந்தத் தெருவின் ஜனங்கள். சென்ற தவக்காலத்தில் ஒரு நாள் இரவு அந்தத் தெருமுனையில் வெள்ளைத் திரை கட்டி, ஏசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் 'கருணாமூர்த்தி' படத்தைக் காட்டினார்கள். சிறிய சபையார் ஒருவர் செய்த ஏற்பாடு. நாமும் போயிருந்தோம்.

பழைய படம். ஒலி கரகரத்தது. காற்றில் திரை ஆடும்போதெல்லாம் ரோமானியச் சிப்பாய்களும் சேர்ந்து ஆடினார்கள். ஆனாலும் கூட்டம் கலையவில்லை. தரையில் சாக்கை விரித்துக் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்து வந்த ஆண்கள் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் பிடித்தபடி பின்னால் நின்றார்கள். வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள் அல்ல. நெற்றியில் திருநீறும் குங்குமமும் இருந்தன.

ஏசுவைத் தூணில் கட்டிச் சவுக்கால் அடிக்கும் காட்சி வந்தது. கூட்டம் ஓசையடங்கிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் விசும்பல் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போது பின்னாலிருந்து இரண்டு இளைஞர்கள் முன்னே வந்தார்கள்.

"படத்தை நிறுத்துங்க. இது ஆள் சேர்க்கிற வேலை" என்றான் ஒருவன். மற்றவன் கிழவியிடம் குனிந்து, "ஆயா, நம்ம சாமி மலைமேல நிக்குது. நீ இங்க வந்து அழுவுறியே?" என்றான்.

கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அழுவுறதுக்குக்கூட யாரு சாமின்னு பாத்து அழுவணுமா தம்பி? அந்தப் புள்ளைய அடிக்கிறானுங்க. பெத்தவ நின்னு பாத்துக்கினு கீறா. எனக்கு வயிறு எரியுது. நீ தள்ளி நில்லு, மறைக்குது" என்றாள்.

கூட்டம் சிரித்தது. இளைஞர்கள் முணுமுணுத்துக்கொண்டு விலகினார்கள். படம் தொடர்ந்தது.

இந்தச் சிறிய சம்பவத்தை நாம் இங்கே எழுதக் காரணம், அன்றிரவே நம் காதில் விழுந்த வேறு இரண்டு பேச்சுகள். படம் முடிந்ததும் சபையைச் சேர்ந்த ஒரு வாலிபர் நம்மிடம் ஆத்திரத்தோடு சொன்னார்: "இவர்களை ஒரு கை பார்க்க வேண்டும் அண்ணா. எங்கள் படத்தைத் தடுக்க இவர்கள் யார்? ஆனால் எங்கள் கர்த்தரைக் கேவலப்படுத்திய 'டாவின்சி கோட்' படத்தை 2006ல் சர்க்கார் தடுத்ததே, அது நியாயம்." வீடு திரும்பும் வழியில் நம்மோடு வந்த தோழர் ஒருவர் இன்னொன்று சொன்னார்: "இருநூறு பேரை உட்காரவைத்து அபினி கொடுக்கிறார்கள். நாமும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறோம்!"

நிறுத்து என்றவர் ஒருவர். அதைத் தடுத்தது நியாயம் என்றவர் இன்னொருவர். ஏளனம் செய்தவர் மூன்றாமவர். மூவரும் மூன்று திசையில் நின்றாலும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். அந்தக் கிழவியின் கண்ணீர் அவளுக்குச் சொந்தமானது என்பதை மூவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மூவருக்கும் நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சினிமா வந்ததே இந்தக் கதையோடுதான்

முதலில் அந்த இளைஞர்களுக்கு.

ஏசுவின் படம் நம் ஊருக்கு நேற்று வந்த சரக்கு என்று நினைக்கிறீர்களா? தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சினிமாவைக் கொண்டுபோன முதல் தமிழர் கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தவர். 1905ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அந்தச் சுருள்களில் ஏசுவின் வாழ்க்கையும் ஒன்று. உத்தியோகத்தை உதறிவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, ஓடும் நிழல் மட்டுமே. அதைப் பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். 1914ல் அவர் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரையும் கட்டினார். ஆகத் தமிழன் கூடாரத்துத் தரையில் உட்கார்ந்து பார்த்த ஆரம்பகாலப் படங்களில் ஏசுநாதர் கதையும் உண்டு.

வடக்கே நடந்தது இதைவிட வேடிக்கை. இந்தியக் கதைப்படத்தின் தந்தை என்று சொல்லப்படுகிற தாதாசாகேப் பால்கே 1910-11 வாக்கில் பம்பாயில் ஒரு தியேட்டருக்குப் போனார். திரையில் ஓடியது ஏசுவின் வாழ்க்கை. அதைப் பார்க்கப் பார்க்க அவர் மனக்கண்ணில் கண்ணனும் இராமனும், கோகுலமும் அயோத்தியும் தோன்றியதாக அவரே பிற்காலத்தில் எழுதினார். அந்த உந்துதலில்தான் 1913ல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. ஏசுவின் படத்தைப் பார்த்த பால்கே மதம் மாறவில்லை. ஹரிச்சந்திரனைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஒரு கதையைக் கண்டு மனம் கரைகிறவன் தன் கதையைத் தொலைத்துவிடுவான் என்பது எவ்வளவு அற்பமான பயம்!

அன்றிரவு காட்டிய படத்தையே எடுத்துக்கொள்வோம். அது அந்நியர் அனுப்பிய படம் அல்ல. தெலுங்கில் 'கருணாமயுடு' என்ற பெயரில் 1978ல் வெளிவந்தது. ஏசுவாக நடித்தவர் விஜயசந்தர். இயக்கியவர் ஏ.பீம்சிங். ஆம், 1961ல் 'பாசமலர்' எடுத்துத் தாய்மார்களை அழவைத்த அதே பீம்சிங். அதே ஆண்டில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களை ஒரே கதையில் இணைத்து 'பாவமன்னிப்பு' எடுத்தவரும் அவர்தான். ஏசு படம் வெளிவருமுன் 1978 ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார். தங்கைக்காக உருகும் அண்ணனைக் காட்டியவரே, மகனுக்காக உருகும் மரியாளையும் காட்டினார். பார்த்து அழுகிறவர்களும் அதே ஜனங்கள். பாசமலருக்கு அழலாம், இதற்கு அழக்கூடாது என்று யார் சட்டம் போட்டது?

இந்த ஊர் எந்த ஊர் என்பதையாவது அந்த இளைஞர்கள் நினைத்துப் பார்க்கட்டும். குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ மன்னனின் அமைச்சராக இருந்தவர் அவர். ஆனால் அரசனின் வெற்றிகளை அவர் காவியமாகப் பாடவில்லை. வேடன் கண்ணப்பனைப் பாடினார், குயவரைப் பாடினார், வண்ணாரைப் பாடினார், புலைப்பாடியில் பிறந்த நந்தனைப் பாடினார். தில்லையின் எல்லையை வலம் வந்து வலம் வந்து, உள்ளே போக முடியாமல் நின்று ஏங்கிய அந்த நந்தன், கடைசியில் தீயில் இறங்க வேண்டியிருந்ததே! அந்தக் கதையை 1935ல் கே.பி.சுந்தராம்பாளும் 1942ல் தண்டபாணி தேசிகரும் திரையில் நடித்துக் காட்டினார்கள். குன்றத்தூர்க்காரர் எழுதிய கதையில் தீக்குள் இறங்கிய நந்தனுக்காக அழத் தெரிந்த ஜனங்கள், சிலுவை சுமந்த தச்சன் மகனுக்காகவும் அழுகிறார்கள். இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

"ஆள் சேர்க்கிறார்கள்" என்பது குற்றச்சாட்டு. பணம் காட்டியோ பயம் காட்டியோ யாராவது மதம் மாற்றினால் அதை நாமும் கண்டிப்போம். ஆனால் தெருமுனையில் பகிரங்கமாகத் திரை கட்டிப் படம் காட்டுவது பலவந்தம் ஆகாது. பிடிக்காதவர் எழுந்து போகலாம். தன் மனசாட்சிப்படி நம்பவும், நம்பாமல் இருக்கவும், நம்பியதை எடுத்துச் சொல்லவும் அரசியல் சட்டத்தின் 25வது பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தந்திருக்கிறது. அந்தக் கிழவி தன் சாமியை மாற்றிக்கொள்ள விரும்பினால் அது அவள் உரிமை. விரும்பாவிட்டாலும் அவள் உரிமையே. அதை அவள் சார்பில் தீர்மானிக்க எந்த வாலிபனுக்கும் அதிகாரம் இல்லை.

தடை என்பது இருபுறமும் கூரான கத்தி

அடுத்து, சபையைச் சேர்ந்த நம் வாலிப நண்பருக்கு.

உங்கள் மனம் புண்பட்டது உண்மை. அதை நாம் பரிகசிக்கவில்லை. ஏசு மகதலேனா மரியாளை மணந்தார், அவருக்குச் சந்ததி உண்டு என்று கதை கட்டிய படத்தைப் பார்த்து, அல்லது கேள்விப்பட்டு, பக்தியுள்ள ஒருவர் வருந்துவது இயல்பு. ஆனால் 2006ல் என்ன நடந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். மத்திய தணிக்கை வாரியம் அந்தப் படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. இது கற்பனைக் கதை என்ற அறிவிப்பையும் திரையில் காட்டச் சொன்னது. அதன் பிறகும் பல மாநில அரசுகள் தடை போட்டன. தமிழ்நாடு அரசு ஜூன் மாதத் தொடக்கத்தில் இரண்டு மாதத் தடை விதித்தது. சட்டம் ஒழுங்கு கெடும் என்பது காரணம். ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்தத் தடையை ரத்து செய்தார். தமிழ்நாட்டுச் சர்ச்சுகள் இடிந்து விழவில்லை. ஒரு விசுவாசியின் விசுவாசமும் குறைந்ததாகத் தெரியவில்லை.

அந்தத் தீர்ப்புக்கு வழிகாட்டிய ஒரு கொள்கை ஏற்கெனவே இருந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989ல் உச்சநீதிமன்றம் சொன்ன கொள்கை அது. ஆர்ப்பாட்டம் செய்வோம், கலவரம் செய்வோம் என்று யாரோ மிரட்டுவதை வைத்துக்கொண்டு கருத்துச் சுதந்திரத்தை முடக்கக்கூடாது, மிரட்டுகிறவனை அடக்குவதே சர்க்காரின் கடமை என்பது அதன் சாரம். இட ஒதுக்கீட்டைத் தாக்கிய படம் அது. அதன் கருத்தோடு நமக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் கருத்தைக் கருத்தால் எதிர்க்க வேண்டும் என்ற இடத்தில் அந்தத் தீர்ப்பு சரியானது.

தடை என்ற ஆயுதம் யார் கையில் போய்ச் சேரும் என்பதை யோசித்தீர்களா? 2006ல் "சட்டம் ஒழுங்கு" என்ற சாக்கை நீங்கள் வரவேற்றால், குன்றத்தூர்த் தெருமுனையில் அதே சாக்கைச் சொல்லி உங்கள் திரையை அவிழ்ப்பார்கள். இரண்டு பேர் வந்து சத்தம் போட்டால் போதும், போலீஸ்காரர் வந்து "எதற்கு வம்பு, நிறுத்திவிடுங்கள்" என்பார். எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு இந்த ஆயுதம் ஒரு நாளும் கைகொடுக்காது. கூட்டத்தில் பெரியவன் எவனோ அவன் கைக்கே அது போய்ச் சேரும்.

எந்த ஏசுவைக் காட்டலாம், எப்படிக் காட்டலாம் என்பதும் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. பிரிட்டனில் சினிமாத் தணிக்கை 1913ல் தொடங்கியபோது அதற்கு இருந்த விதிகள் இரண்டே இரண்டு. நிர்வாணம் கூடாது என்பது ஒன்று. கிறிஸ்துவின் உருவத்தைத் திரையில் காட்டக்கூடாது என்பது மற்றொன்று! அந்த விதிப்படி பார்த்தால் 'கருணாமூர்த்தி'யே குற்றம். 1959ல் வந்து 11 ஆஸ்கார் விருதுகளைத் தட்டிக்கொண்டு போன 'பென்ஹர்' படத்தில்கூட ஏசுவின் முகத்தைக் காட்டாமல் முதுகையும் கையையும் மட்டுமே காட்டினார்கள். ஒரு காலத்தில் முகத்தைக் காட்டுவதே நிந்தனை என்றவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதே முகத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். எது நிந்தனை, எது பக்தி என்று சர்க்கார் அதிகாரி முத்திரை குத்தினால் நாளை அந்த முத்திரை மாறாதா?

பக்கத்துக் கேரளத்தில் 1986ல் பி.எம்.ஆண்டனியின் 'கிறிஸ்துவின் ஆறாம் திருமுறிவு' நாடகம் தடை செய்யப்பட்டது. 1988ல் பாரிஸ் நகரில் 'கிறிஸ்துவின் கடைசிச் சோதனை' என்ற படம் ஓடிய சேன் மிஷேல் தியேட்டருக்கு மதவெறியர்கள் தீ வைத்தார்கள். படம் பார்க்கப் போன சாதாரண மனிதர்கள் காயமடைந்தார்கள். அடித்தவனையும் மன்னித்ததாகச் சொல்லப்படுகிற ஒருவரின் பெயரால் நெருப்பு வைத்தார்கள்! புண்பட்ட மனம் தன் வழியை மறந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

இன்னொன்றையும் நண்பரிடம் மனம்விட்டுக் கேட்கிறோம். திரையில் ஏசுவுக்கு மனைவி இருந்ததாகக் காட்டினால் புண்படுகிற மனம், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் பிணத்தைப் பிரித்து வைக்க எழுப்பிய சுவரைப் பார்த்து ஏன் அதே வேகத்தில் புண்படவில்லை? விழுப்புரம் பக்கத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். 2008 மார்ச்சில் அங்கே மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். மோதிய இரண்டு தரப்பும் ஒரே சிலுவையைக் கும்பிடுகிறவர்கள். 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிச் சலுகையிலிருந்து தலித் கிறிஸ்தவர்களை ஒதுக்கிவைத்தது. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் திறந்த கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. ஒரு வெளிநாட்டுப் படத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த அத்தனை பேரும் அந்தக் கதவைத் தட்டவும் வந்திருந்தால் நாமும் தோளோடு தோள் நின்றிருப்போம். வரட்டும், இப்போதும் நிற்போம்.

அபினி என்ற ஒரு சொல் போதாது

கடைசியாக நம் தோழருக்கு.

மார்க்ஸ் 1844ல் எழுதியதில் அபினி என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னாலேயே ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சைப் பற்றி அவர் சொன்னதைத் தோழர் மறந்துவிட்டார். பெருமூச்சு விடுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறவன் வைத்தியன் ஆக முடியாது.

அந்தக் கிழவி திரையில் எதைக் கண்டாள்? கூலிவேலைக் குடும்பத்தில் பிறந்த ஒரு மகன். தச்சன் என்று ஊரார் அழைத்த ஒருவன். அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக விசாரணை நடத்துகிறார்கள். பொய்ச் சாட்சி கொண்டுவருகிறார்கள். குற்றம் காணவில்லை என்று சொல்லிக்கொண்டே கவர்னர் கையைக் கழுவுகிறான். சிப்பாய்கள் அடித்துக் கேலி செய்கிறார்கள். ஏகாதிபத்தியத்தின் சட்டப்படி மரத்தில் அறைகிறார்கள். தாய் ஒன்றும் செய்ய முடியாமல் கீழே நிற்கிறாள். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போன மகனுக்காக வாசலில் காத்திருந்த தாய் நம் தெருக்களில் எத்தனை பேர்! சாத்தான்குளத்தில் 2020ல் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் பறிகொடுத்த நாடு இது. இந்தக் கதையை விளங்கிக்கொள்ள அந்தக் கிழவிக்கு இறையியல் தேவையில்லை. அவள் வாழ்க்கையே போதும்.

இதனால்தான் இந்தக் கதை சினிமாவுக்கு முன்பே நம் கிராமங்களில் வேரூன்றியது. புதுக்கோட்டைப் பக்கத்து ஆவூரிலும், சிவகங்கைப் பக்கத்து இடைக்காட்டூரிலும் பாஸ்கா நாடகம் நடக்கிறது. வயலிலும் கடையிலும் வேலை செய்கிறவர்களே சிப்பாயாகவும் சீடராகவும் வேஷம் கட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1965ல் தோன்றிய திருமறைக் கலாமன்றம், ஈழத் தமிழர் பட்ட பெருந்துயரத்தின் நடுவிலும் திருப்பாடுகளின் நாடகத்தை மேடையேற்றி வந்தது. மகனை இழந்த தாய்மார்கள் மலிந்த ஊரில், மகனை இழந்த ஒரு தாயின் கதை எப்படிக் கேட்கப்பட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் ஏளனத்துக்குச் சரியான பதிலை ஒரு மார்க்சியக் கலைஞரே கொடுத்திருக்கிறார். இத்தாலியின் பியர் பாவ்லோ பாசோலினி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1949ல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி அவரை வெளியேற்றியது. ஆனாலும் மார்க்சியத்தை அவர் கைவிடவில்லை. 1963ல் அவர் எடுத்த ஒரு குறும்படம் மதத்தை நிந்திக்கிறது என்று வழக்குப் போட்டுத் தண்டனையும் விதித்தார்கள். அப்படிப்பட்டவர் மறு ஆண்டே 'மத்தேயு எழுதிய சுவிசேஷம்' என்ற படத்தை எடுத்தார். அதற்கு வித்து 1962ல் விழுந்தது. அசிசி நகரில் போப்பாண்டவர் வருகையால் தெருவெல்லாம் அடைபட்டு, அறையில் சிக்கிக்கொண்ட பாசோலினி அங்கே கிடந்த சுவிசேஷத்தை எடுத்து ஒரே மூச்சில் படித்தார்.

நட்சத்திரங்களை அவர் தேடவில்லை. ஏசுவாக நடித்தவர் என்ரிக் இராசோகி என்ற மாணவர். பிராங்கோவின் பாசிச ஆட்சியை எதிர்த்து ஸ்பெயினிலிருந்து வந்தவர். வயதான மரியாளாக நடித்தவர் பாசோலினியின் சொந்தத் தாய். மற்றவர்களில் பெரும்பாலோர் தெற்கு இத்தாலியின் ஏழை விவசாயிகளும் தொழிலாளர்களும். காய்த்துப்போன கைகளும் பல் விழுந்த வாய்களும் அப்படியே திரையில் வந்தன. வசனம் முழுவதும் மத்தேயுவிலிருந்தே எடுத்தது. தன் கருத்து என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. காலமான போப் இருபத்துமூன்றாம் அருளப்பரின் நினைவுக்கு அந்தப் படத்தைச் சமர்ப்பித்தார். ஐம்பது ஆண்டு கழித்து 2014ல் வாடிகனின் சொந்தப் பத்திரிகையே, கிறிஸ்துவைப் பற்றிய படங்களில் தலைசிறந்தது அதுவாக இருக்கலாம் என்று எழுதியது. நேற்று நிந்தனை செய்தவன் என்று தண்டிக்கப்பட்டவரிடமிருந்து அந்தப் படம் வந்தது. 1963லேயே அவர் வாயை ஒரேயடியாக அடைத்திருந்தால் 1964ன் படம் உலகத்துக்குக் கிடைத்திருக்குமா? தடை கேட்கும் நண்பர்களும் இதை யோசிக்க வேண்டும்.

பாசோலினி ஜனங்களின் நம்பிக்கையை ஏற்கவில்லை, ஆனால் ஜனங்களை மதித்தார். நம் தோழர் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்.

கண்ணீரை எங்கே திருப்புகிறார்கள்?

அப்படியானால் மதப் படங்களில் கண்டிக்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஜனங்களின் கண்ணீரை எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்பதை நாம் உஷாராகப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் ஓபராமெர்காவ் என்ற மலைக்கிராமம் 1634லிருந்து ஏசுவின் பாடுகளை நாடகமாக நடித்துவருகிறது. 1934ல் முந்நூறாவது ஆண்டு விழாவுக்கு ஹிட்லர் நேரிலேயே வந்து பார்த்தான். அவனுக்குப் பிடித்துப்போன அம்சம் எது? யூதர்களைக் கொடியவர்களாகக் காட்டிய அம்சம். ஏசுவும் யூதர், அவர் தாயும் யூதர், சீடர்களும் யூதர்கள். அறைந்தது ரோமானிய ஏகாதிபத்தியம். ஆனால் பழி முழுவதையும் ஒரு ஜனசமூகத்தின் தலையில் கட்டி, நூற்றாண்டுக் கணக்கில் அவர்களை வேட்டையாடினார்கள். கடைசியில் அது நாஜிகளின் கொலைக்கூடங்களுக்கு வழிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையே 1965ல் அந்தப் பழியைப் பகிரங்கமாக நிராகரிக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகும் 2004ல் மெல் கிப்சன் 'கிறிஸ்துவின் பாடுகள்' படத்தை எடுத்தபோது பழைய சண்டை மீண்டும் எழுந்தது. பரம்பரை பரம்பரையாக யூதர்மேல் பழி சுமத்தப் பயன்பட்ட ஒரு வசனத்தை, எதிர்ப்புக்குப் பிறகு, கீழே ஓடும் மொழிபெயர்ப்பிலிருந்து மட்டும் எடுத்தார்கள். ஒலியில் அது அப்படியே இருந்தது. படம் முழுக்கச் சதை கிழிந்தது, ரத்தம் தெறித்தது. உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் வசூல் ஆயிற்று. ஏசு என்ன பேசினார், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், எதற்காக அதிகார வர்க்கம் அவரைக் கண்டு பயந்தது என்பதற்கு அந்தப் படத்தில் இடம் மிகக் குறைவு. அடி மட்டும் மிச்சம். அடித்தவன் ஏன் அடித்தான் என்பது தெரியாவிட்டால் கண்ணீருக்கு வழி தெரியாது. வழி தெரியாத கண்ணீரை எந்த வெறியனும் தன் வாய்க்காலில் திருப்பிக்கொள்வான்.

இது ஏசு படத்துக்கு மட்டும் உரிய ஆபத்து அல்ல. இராமனைப் பற்றிய தொடராக இருக்கட்டும், வேறு எந்தப் புராணப் படமாக இருக்கட்டும், பார்த்து உருகியவனைப் பக்கத்து வீட்டுக்காரன்மேல் ஏவிவிட்டால் அது பக்தியாக இராது. அதை எதிர்த்து எழுதுவோம், பேசுவோம், விமர்சிப்போம். தடை கேட்க மாட்டோம்.

நாம் வைக்கும் உரைகல் ஒன்றே. படம் முடிந்து எழுந்து போகிறவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைச் சற்று அதிக அன்போடு பார்க்கிறானா, அதிகப் பகையோடு பார்க்கிறானா? அன்போடு பார்க்கவைத்தால் எடுத்தவன் எந்த மதத்தவனாக இருந்தாலும் அது நல்ல படம்.

அன்றிரவு குன்றத்தூரில் படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அந்தக் கிழவி மெல்ல எழுந்தாள். சாக்கை உதறி மடித்துக்கொண்டாள். போகிற வழியில், முன்பு குறுக்கே வந்து நின்ற அதே இளைஞனைப் பார்த்து, "இன்னா தம்பி, சாப்ட்டியா? போய்ச் சாப்ட்டுப் படு, காலைல வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவன் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த இளைஞனும் நம் பிள்ளைதான். ஒப்பந்த வேலையும் நிரந்தரமில்லாத கூலியுமாக அலைகிறவன். அவனுடைய ஆத்திரத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றுக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஜனங்கள் பொறுப்பாளிகள் அல்ல. இதை அவனுக்கு எடுத்துச் சொல்லும் வேலை நம்முடையது. அடுத்த முறை தெருமுனையில் திரை கட்டும்போது, சபையார் கட்டினாலும் கோயில் திருவிழாவில் ஊரார் கட்டினாலும், அதை அவிழ்க்க வருகிறவர்களுக்கு முன்னால் தோழர்கள் போய் நிற்க வேண்டும். அது ஜனநாயகக் கடமை. படம் முடிந்ததும் கூட்டத்தோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும். அந்தத் தச்சன் மகனை ஏன் கொன்றார்கள் என்ற கேள்வியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.